மழைக்கு ஒதுங்கிய கடலை

ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி, மளிகைக்கடை ஷட்டருக்கு அடியில் புகுந்த தண்ணீரைச் சாக்கு வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை என்று மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் ஒலக்கூர் திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், சென்னை போகும் வழி. அதனால் பிழைத்தோம். அதற்கடுத்த நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டுவிட, வண்டிகள் நின்றுபோயின.

பதினைந்து நாள் கழித்துச் சிங்கப்பூருக்கு எனக்கு டிக்கெட். மகன் எப்போதோ எடுத்து அனுப்பியது. "மழை இல்லாத ஊருக்குப் போறீங்க, குடுத்து வச்சவரு" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். போய் இறங்கினால் அங்கேயும் கொட்டுகிறது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வருகிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அந்தத் தீவுக்கும். அங்கே டிசம்பர்தான் ஆண்டிலேயே அதிகம் நனைகிற மாதமாம். பேத்திக்கு ஆண்டு விடுமுறை. சிங்கமீன் சிலை, கண்ணாடிக்குள் வைத்த தோட்டம் என்று அவள் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். சிலையை மட்டும் குடைக்கடியில் நின்று பார்த்தோம். அது வாயால் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தது. அந்த மழையில் அது வேண்டாத வேலை என்று எனக்குத் தோன்றியது.

மீதி நாளெல்லாம் நான் ஊர் பார்த்தது சிராங்கூன் சாலைப் பக்கத்துத் தாழ்வாரங்களின் கீழே நின்றுதான். பழைய கடைவீடுகளின் மாடி தெருப்பக்கம் நீண்டு, அதன் அடியில் நடைவழி ஓடுகிறது. ஒரு கடையிலிருந்து அடுத்த கடை, அதிலிருந்து அதற்கடுத்தது என்று நனையாமலே தெருக்கோடி வரை போகலாம். மலாய்க்காரர்கள் அதைக் 'காக்கி லீமா' என்கிறார்கள். காக்கி என்றால் அடி, லீமா என்றால் ஐந்து. நம்மவர்கள் வாயில் அது 'அஞ்சடி'.

இதற்கு ஒரு பிறந்த தேதியே உண்டு. 1822 நவம்பரில், சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் துரை நகர அமைப்புக் குழுவுக்கு எழுதிய உத்தரவில், வீட்டுக்கு வீடு இன்ன அகலத்தில் தாழ்வாரம் விட வேண்டும், தெருவின் இரு பக்கமும் அது தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பவர்களுக்காக அவர் நினைத்த வழி அது. ஆனால் ஒதுங்க இடம் இருந்தால் அங்கே முதலில் வந்து உட்காருபவன் வியாபாரிதான். செருப்புத் தைப்பவர், முடி வெட்டுபவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், வடை விற்பவர் என்று ஐந்தடியும் நிரம்பிவிட்டது. கடைக்காரர்களும் மூட்டைகளை வெளியே அடுக்கினார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி இதையெல்லாம் அகற்றக் கிளம்பியது. கடைகள் அடைக்கப்பட்டன, டிராம் வண்டிகள் மேல் கல் விழுந்தது. தாழ்வாரக் கலகம் என்றே அதற்குப் பெயர். கடைசியில், ஆள் நடக்க வழி விட்டால் போதும் என்று இரு தரப்பும் இறங்கி வந்தார்கள். நான் கடைக்காரர்கள் கட்சி. அரிசி மூட்டையை ஒரு சாண் வெளியே வைக்காமல் மளிகைக்கடை நடத்த முடியுமா? இந்தோனேசியாவில் நடைபாதை வியாபாரிக்கு இன்றைக்கும் 'காக்கி லீமா வியாபாரி' என்றுதான் பெயராம்.

பிறகு வந்த அரசாங்கம் நகராட்சியைவிடக் கெட்டி. 1968, 69இல் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். சுமார் 18,000 பேர். எல்லோருக்கும் உரிமம் கொடுத்து, கூரையும் குழாயும் சாக்கடையும் வைத்த உணவுக்கூடங்களைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அழைத்தார்கள். 1986க்குள் வேலை முடிந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ அந்தக் கூடங்களின் பழக்கவழக்கத்தையே பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தேக்கா சந்தையும் அப்படிப்பட்ட கூடம்தான். 1915இல் வைத்த பழைய சந்தையை விட்டு, 1982இல் எதிரே இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. தேக்கா என்றதும் நம்ம தேக்கு மரம் என்று நினைத்துவிட்டேன். ஹொக்கியன் சீனத்தில் 'சிறு மூங்கில் அடிவாரம்' என்கிற பெயரின் மிச்சமாம் அது. அங்கே 'இந்திய ரோஜாக்' சாப்பிட்டேன். பஜ்ஜி, வடை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வெட்டிப்போட்டு, இனிப்பும் காரமுமாய் ஒரு சிவப்புக் குழம்பு. இந்தியாவில் எந்த ஊரில் இதைச் சாப்பிடுகிறார்கள் என்று மகனிடம் கேட்டேன். "எந்த ஊர்லயும் இல்லப்பா" என்றான். நம் ஊர் முஸ்லிம்கள் போன இடத்தில் ஆக்கிய சாப்பாடு. அவர்கள் 'சரபாத்' கடையில் ஆற்றிக் கொடுத்த டீதான் அங்கே தே தாரே.

வெளியே இன்னும் மழை. கையில் சூடாக வறுத்த கடலை இருந்தால் தேவலை என்றிருந்தது. எங்கள் பக்கம் மழைக்காலத் தின்பண்டம் அதுதான். எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு மகன், "கச்சாங் பூத்தே விக்கிறவங்க முன்னே தியேட்டர் வாசல்ல இருப்பாங்களாம்பா, இப்ப தேடணும்" என்றான். அங்கே பிறந்து வளர்ந்த நண்பரைக் கேட்டு அவன் தெரிந்துகொண்டதையும், பிறகு நானே பத்து பேரை நச்சரித்துக் கேட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மலாயில் கச்சாங் என்றால் கடலை, பயறு. பூத்தே என்றால் வெள்ளை. இலங்கைத் தமிழர்கள் வேர்க்கடலையைக் கச்சான் என்பது நினைவுக்கு வந்தது. கச்சாங் பூத்தே விற்றவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வெள்ளை வேட்டி கட்டி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் பெரிய தட்டு. வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, பட்டாணி, சர்க்கரைப் பாகு பூசிய கடலை, முறுக்கு, ஓமப்பொடி என்று தட்டில் தனித்தனிப் பை. ஐந்து காசு, பத்துக் காசுக்குக் கூம்புப் பொட்டலம். தட்டு தலையிலிருந்து இறங்கித் தள்ளுவண்டிக்கு வந்தபோது வண்டி சினிமாக் கொட்டகை வாசலில் நின்றது. கொட்டகைகள் குளிர்சாதனக் கட்டடங்களுக்குள் போய்ச் சோளப்பொரி விற்கத் தொடங்கியதும் அந்த வாசலும் போயிற்று. பிள்ளைகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிய பிறகு வண்டியைத் தள்ள யாரும் இல்லை. ரோஜாக் கூடத்துக்குள் போனது, இது போகவில்லை. நடந்துகொண்டே விற்கிற பண்டத்துக்கு ஒரு மேடையும் கழுவும் தொட்டியும் கொடுத்து என்ன செய்ய?

இதில் என்னைப் பிடித்துக்கொண்டது பொட்டலம்தான். பழைய டெலிபோன் டைரக்டரித் தாளைக் கிழித்துத்தான் மடிப்பார்களாம். முப்பது வருஷம் பொட்டலம் மடித்தவன் நான். பள்ளிக்கூட நோட்டும் பரீட்சைப் பேப்பரும் எடைக்கு வாங்குவேன். கொம்பு மாதிரி சுற்றி, அடியைத் திருகி, மேலே மடித்துச் செருக வேண்டும், நூல் கூடாது. டெலிபோன் டைரக்டரித் தாள் மெல்லிசு. அதில் சூட்டுக் கடலையைப் போட்டுக் கிழியாமல் கொடுத்தவர்கள் கைகாரர்கள்தான்.

கடலையைப் பற்றி எங்கள் ஊர்க்காரன் பேசினால் சீக்கிரம் நிறுத்தமாட்டான். நாங்கள் அதை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி மல்லாட்டையானது. தென்னமெரிக்கச் செடி, பிலிப்பைன்ஸ் வழியாக வந்ததால் மணிலா என்று சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தென்னார்க்காட்டு மானாவாரிச் செம்மண்ணில் அது பரவியதற்குக் காரணம் நாம் தின்பதல்ல. பிரெஞ்சுக்காரர்களின் சோப்பு. புதுச்சேரித் துறையிலிருந்து மூட்டை மூட்டையாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. எங்கள் கடலை எங்களுக்கு முன்பே வெளிநாடு பார்த்துவிட்டது. பிறகு திண்டிவனம் ஆராய்ச்சிப் பண்ணையில் ரகம் பிரித்தார்கள். 1940இல் டி.எம்.வி. 2, 1967இல் டி.எம்.வி. 7. அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான் என்பது ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் அதை விதைத்தவர்கள் எத்தனை பேருக்குத் தெரியுமோ. என் அப்பா ஏழாம் நம்பரைத் தவிர வேறு விதையைத் தொடமாட்டார். மார்கழியில் விதைத்துவிட்டு, மார்க்கெட் கமிட்டியில் மூட்டை போடும் நாள் வரை கடன் சொல்லித்தான் எங்கள் கடையில் ஊரே சாமான் வாங்கும்.

ஆக, கடலை எங்களுடையது. தட்டைத் தூக்கியவர்கள் எங்கள் ஆட்கள்தானா என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. சிங்கப்பூரில் கேட்ட ஒரு பெரியவர், "அதுக்கு ஈப்போவுக்குப் போங்க, புந்தோங்ல ஒரு கிராமமே இருக்கு" என்றார். விடுமுறை மிச்சம் இருந்தது, மழையும் மிச்சம் இருந்தது. ராத்திரி பஸ் ஏறினோம்.

மலேசியாவின் ஈப்போ, சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே, ஈயம் தோண்டிப் பெருத்த ஊர். 1917இல் முடிந்த வெள்ளை ரயில் நிலையம், குகைக்கோயில்கள் என்று பார்க்க நிறைய உண்டு. நாங்கள் பார்த்தது பாதி, அதுவும் மழைத்திரைக்கு அந்தப் பக்கமாக. புந்தோங் தமிழர்கள் நிறைந்த பகுதி. 'கச்சாங் பூத்தே கிராமம்' என்றால் யாரும் கை காட்டுகிறார்கள். வரிசையாகக் கடைகள், பின்னால் வீட்டிலேயே எண்ணெய்ச் சட்டி.

எங்கள் ஆட்கள் இல்லை. எட்டயபுரத்துக்காரர்கள். வானம் பார்த்த கரிசல் பூமியிலிருந்து 1940களில் வந்து, தலைத்தட்டில் தொடங்கி, சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று ஏறி, இன்றைக்கு ஊர் ஊராகச் சரக்கு அனுப்புகிறார்கள். பக்கத்துக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை நினைத்துக்கொண்டேன். அந்த வட்டாரத்துக் கைக்குக் கடலையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. விளைவித்து மூட்டை கட்டி விற்றதோடு நாங்கள் நின்றுவிட்டோம். வறுத்துப் பொட்டலம் போட்டவர்கள் கடல் தாண்டிப் பிழைத்தார்கள்.

ஒரு கடையில் என் வயதுள்ள அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம், ஒலக்கூருங்க."

"எங்க தாத்தாவுக்கு எட்டயபுரம். நான் பாத்ததில்ல."

"இந்தக் கடலை எங்கேருந்து வருதுங்க?"

"இந்தியாவுலேருந்தும் வருது, சைனாவுலேருந்தும் வருது. வெல எது தோதோ அது."

கடலைப் பருப்பில் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பழக்கதோஷம். திட்டமான வறுவல், கருகல் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் பையில் சூடு வைத்து ஒட்டியிருந்தது. "தாள்ல தரமுடியுமாங்க?" என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். தாள் வைப்பதே இல்லையாம். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து நீட்டினார். நான் சுற்றி, அடியைத் திருகி நிமிர்த்தினேன். அவர் உற்றுப் பார்த்தார்.

"நீங்க வெளிப்பக்கம் திருகுறீங்க. எங்க தாத்தா நுனிய உள்ள மடிச்சுவிடுவாரு. ரெண்டு கடலை கொறையும்."

"நாங்க அந்த ரெண்டு கடலையையும் போட்டுடுவோம்மா" என்றேன். பேத்திக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பொட்டலம் பிடித்திருந்தது. வாசல் தாழ்வாரத்தில் நின்று மூன்று பேரும் தின்று தீர்த்தோம். மழை விடுகிற மாதிரி இல்லை. அம்மாள் எழுந்து காலண்டரில் அடுத்த தாளையும் கிழித்தார். நாளைய தேதி. பரவாயில்லை என்று கொடுத்தார்.