முன்னால் 15, பின்னால் 26

பல கார்களின் பின் சக்கரங்களுக்கு நடுவே, வண்டியின் அடிவயிற்றில் குறுக்காக ஒரு எஃகுக் கம்பி கிடக்கும். நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் படுத்திருக்கும். மடங்கிய இரண்டு முனைகளும் சிறிய லிங்க்குகள் வழியாக இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனைப் பிடித்துக்கொண்டிருக்கும். மெக்கானிக் கடைகளில் இதன் பெயர் ஸ்டெபிலைசர் பார். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி சும்மா புஷ்ஷுக்குள் உருளும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை எதிர்க்கும் விறைப்புதான் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதைக் குறைக்கிறது. விறைப்பு கம்பியின் விட்டத்தோடு நேர் விகிதத்தில் வளர்வதில்லை, அதன் நான்காம் அடுக்கில் வளர்கிறது. 16 மி.மீ. கம்பியைக் கழற்றிவிட்டு 19 மி.மீ. கம்பியைப் போட்டால், பார்வைக்கு ஒரு சுண்டுவிரல் வித்தியாசம்கூட இருக்காது. விறைப்போ ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். கார்ப் பிரியர்கள் முதலில் கைவைக்கும் இடங்களில் இது ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. செலவு குறைவு, பலன் முதல் திருப்பத்திலேயே தெரியும். இதை ‘மேம்பாடு’ என்று சொல்லி விற்கிறார்கள். இந்தக் கம்பியின் வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சொல் பொருந்தவில்லை. கம்பெனி தெரிந்தே எடுத்து வைத்த ஒரு முடிவைத்தான் பின்கம்பியை மாற்றுகிறவர் திருத்தி எழுதுகிறார்.

காரணம் டயரில் இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை நகரும் என்பதை வண்டியின் எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்கள் எவ்வளவு அகலத்தில் நிற்கின்றன, எந்த வேகத்தில் திரும்புகிறோம் என்பவைதான் தீர்மானிக்கின்றன. இந்த மொத்தத் தொகையைக் கம்பி குறைப்பதாகச் சொல்ல முடியாது. பாகப்பிரிவினை செய்வதுதான் அதன் வேலை: முன்பக்கம் எவ்வளவு சுமக்க வேண்டும், பின்பக்கம் எவ்வளவு என்று. டயரோ சுமைக்கேற்பப் பிடிப்பைக் கூட்டிக்கொடுக்கும் பண்டம் அல்ல. இரண்டு மடங்கு எடையை ஏற்றினால் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். ஆகவே எந்தப் பக்கம் அதிக எடைமாற்றத்தைச் சுமக்கிறதோ அந்தப் பக்கத்தின் இரண்டு டயர்களும் சேர்ந்து பிடிப்பை இழக்கும். பின்கம்பி தடித்தால் பின்பக்கம் பிடிப்பை இழக்கும், முன்பக்கம் அந்த அளவுக்குச் சுதந்திரம் பெறும். திருப்பினால் மூக்கு சொன்னபடி திரும்புகிறதே என்று ஓட்டுகிறவர் மகிழ்வது, பின்பக்கத்திலிருந்து கடன் வாங்கிய மகிழ்ச்சி.

சாய்வைத் தடுக்கும் கம்பிக்கு 1919இலேயே கனடாவின் ஃப்ரெடரிக்டனைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் அது பரவலாகப் பல ஆண்டுகள் ஆயின. அன்றைய கார்களின் ஸ்பிரிங்குகள் கட்டை போல விறைப்பாக இருந்ததால் சாய்வு ஒரு பிரச்சினையாகவே தோன்றவில்லை. நிலைமையை மாற்றியவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் காடிலாக்குக்கு வந்த இந்தப் பொறியாளர், ஒரு பெரிய காரின் இரு முனையிலும் எடைகளை நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்து, முன் ஸ்பிரிங்குகள் பின்னவற்றைவிட மென்மையாக இருந்தால்தான் பயணம் சுகமாக இருக்கும் என்று கண்டார். 1934 மாடல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்ததற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது. மென்மை வந்ததும் சாய்வும் கூடவே வந்தது. எந்தப் பக்கம் முதலில் வழுக்க வேண்டும் என்ற கேள்வியும் வந்தது. முன்பக்கம் முதலில் வழுக்கினால் அண்டர்ஸ்டியர், பின்பக்கம் முதலில் போனால் ஓவர்ஸ்டியர் என்று பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் ஆலியின் வட்டத்தில் உருவானதுதான். சாதாரண மனிதர் ஓட்டும் காரில் முன்பக்கமே முதலில் வழுக்கட்டும் என்பது அவர்களின் தீர்ப்பு. பயந்துபோன மனிதர் செய்யும் முதல் காரியம் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவது. முன்பக்கம் வழுக்கும் காரில் அது பெரும்பாலும் உதவும். பின்பக்கம் வழுக்கும் காரில் அதுவே வண்டியைச் சுழற்றிவிடும்.

இந்தத் தீர்ப்பை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கோர்வேரைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1959 இலையுதிர்காலத்தில் வந்த அந்தக் காரில், காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சின் பின்னால் இருந்தது. எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின் சக்கரங்களின் தலையில். பின் சஸ்பென்ஷன் ஸ்விங் ஆக்ஸில் வகை: கியர்பாக்ஸின் இரு பக்கமும் கீல் வைத்த கதவுபோல அச்சு ஏறி இறங்கும். கடுமையான திருப்பத்தில் வண்டியின் பின்பக்கம் எழும்பினால், வெளிச்சக்கரம் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கும். டயரின் பிடிப்பு சட்டென்று போய்விடும். முன்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் கம்பி இருந்திருந்தால் எடைமாற்றத்தின் கணிசமான பங்கை அது வாங்கிக்கொண்டிருக்கும். ஆரம்ப ஆண்டுகளில் அதை வைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கையேட்டில் ஒரு வரி இருந்தது: குளிர்ந்த டயருக்கு முன்னால் 15 பவுண்டு காற்று, பின்னால் 26. முன் டயரைத் தொய்வாக வைத்து அதன் பிடிப்பைக் குறைப்பது, கம்பி செய்திருக்க வேண்டிய வேலையைக் காற்றிடம் ஒப்படைப்பதுதான். கணக்கு சரி, ஆனால் அதை யார் காப்பாற்றுவது? நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்று அடித்துப் பழகிய ஒரு பெட்ரோல் பங்க் ஊழியர், முன் டயர் இப்படித் தொய்ந்து கிடக்கிறதே என்று நல்ல மனதோடு குழாயைச் செருகினால் போதும். டெட்ராய்ட் பொறியாளர்களின் சமநிலை ஒரே நிமிடத்தில் கலைந்துவிடும். கார் வாங்கியவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆலியே 1953இல், பின்னால் எஞ்சினும் ஸ்விங் ஆக்ஸிலும் கொண்ட ஐரோப்பிய கார்களைக் கடுமையாக விமர்சித்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தெரியாமல் நடந்தது என்ற சமாதானம் நிற்காது.

1964 மாடலில் முன்கம்பி எல்லாக் கோர்வேர்களுக்கும் வந்தது, பின்னால் ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனையே மாற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் கார்ப் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நேடரின் புத்தகம் வெளியானது, முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. கம்பி ஏன் இல்லை என்பதற்கு, ஷெவர்லேயின் தலைவராக இருந்த ஜான் டிலோரியன் பிறகு சொன்ன பதில் செலவு: ஒரு காருக்குச் சுமார் 15 டாலர். இங்கே நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சோதித்துப் பார்த்து 1972இல் தந்த அறிக்கையில், 1960–63 கோர்வேர் அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமானது அல்ல என்று சொன்னது. அதை ஒதுக்கிவிட முடியாது; நேடர் சில இடங்களில் மிகைப்படுத்தினார் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த அறிக்கை பதில் சொன்ன கேள்வி வேறு. கார் எவ்வளவு ஆபத்தானது என்று அது பார்த்தது. ஒரு காரின் சமநிலையைக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டுமா, ஓட்டுநரின் காற்றுமானி பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்வி அப்படியே மிஞ்சுகிறது.

ஸ்விங் ஆக்ஸில் கார்கள் எல்லாம் ஒரே திசையில்தான் நகர்ந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1960 மாடலில் முன்கம்பி வந்தது. 1967 மாடலில் பின்னால் இசட் வடிவக் கம்பி ஒன்று வந்தது. அது சாதாரணக் கம்பிக்கு நேர் எதிர்: இரண்டு சக்கரமும் சேர்ந்து நகரும்போது எதிர்க்கும், சாய்வைக் கண்டுகொள்ளாது. அதாவது பின்பக்கச் சாய்வு விறைப்பைக் கூட்டாமலே அச்சைக் கட்டுப்படுத்த வந்த கம்பி. சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இதே ஸ்விங் ஆக்ஸில் குடும்பம்தான். அதன் பின் சஸ்பென்ஷன் இங்குள்ள மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதே கம்பெனி கொண்டுவந்த கெஸல், ஒரே தண்டாக ஓடும் பின் அச்சுக்குத் திரும்பிவிட்டது.

அப்படியானால் பின்கம்பிக்கு மவுசு எங்கிருந்து வந்தது? முன்சக்கரம் இழுக்கும் கார்களிலிருந்து. எஞ்சின், கியர்பாக்ஸ், திருப்பும் வேலை, இழுக்கும் வேலை எல்லாம் முன்னால் குவிந்துவிட, ஆலி காலத்துத் தீர்ப்பு அளவுக்கு மீறி நிறைவேறியது. வண்டி எப்போதும் நேராகவே போகத் துடித்தது. 1975இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட கோல்ஃப் ஜிடிஐயில் கம்பெனியே முன்னும் பின்னும் கம்பி வைத்தது. திருப்பத்தில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும் அதன் புகைப்படங்கள் பிரபலம். அந்தச் சக்கரம் காற்றில் இருக்கும் கணத்தில் பின் அச்சு மாற்றக்கூடிய எடை முழுவதையும் மாற்றிவிட்டது. அதற்குமேல் கம்பியை எவ்வளவு தடிப்பாக்கினாலும் எதுவும் நடக்காது. இத்தகைய கார்களில் தடித்த பின்கம்பி உண்மையிலேயே குறையைத் தீர்க்கிறது, அது எப்படி வெறும் கடனாகும் என்று கேட்கலாம். தீர்க்கிறது, மறுப்பதற்கில்லை. சாய்வு குறைவதால் டயர் நிமிர்ந்து நிற்கும் பலனும் கொஞ்சம் கிடைக்கும். ஆனாலும் 1984இல் வந்த பெஜோ 205 ஜிடிஐ காட்டியதுபோல, திருப்பத்தின் நடுவே காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரும் குணமும் அதே கணக்கின் மறுபக்கம்தான். நம் ஊரில் ஓடும் ஸ்விஃப்ட், போலோ போன்றவற்றில் பின்கம்பியே இல்லையே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு விளக்கம்: இரண்டு பின்சக்கரங்களையும் இணைத்து முறுக்கிக்கொள்ளும் பீம் அங்கே இருக்கிறது, கம்பியின் வேலையை அதுவே பார்க்கிறது. அதில் இன்னொரு கம்பியை முடுக்கினால், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மறு சக்கரமும் சேர்ந்து குலுங்கும். டயரின் பிடிப்பே குறைந்திருக்கும் மழைநாளில் இந்த மாற்றத்தின் முழு விலையும் தெரியும்.

இப்போது இ.எஸ்.சி. என்ற மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு இருக்கிறதே, வண்டி சுழலத் தொடங்கினால் தனிச்சக்கரத்தைப் பிரேக் பிடித்துக் காப்பாற்றிவிடுமே என்பது இன்றைய மறுப்பு. அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாச் சிறு வாகனங்களிலும் அது கட்டாயம். ஆனால் அந்தக் கணினியின் கணக்கு கம்பெனி பொருத்திய கம்பியை நம்பி எழுதப்பட்டது. ஸ்டியரிங் கோணத்துக்கு வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அதன் எதிர்பார்ப்பில் பழைய சமநிலை பதிந்திருக்கிறது.

கடையில் விற்கும் பின்கம்பிகளின் கை முனையில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ துளைகள் இருக்கும். லிங்க்கைக் கடைசித் துளையில் மாட்டினால் நெம்புகோல் நீளம், கம்பி மென்மையாக நடந்துகொள்ளும். ஒரு துளை உள்ளே தள்ளினால் கை குறுகி விறைப்பு ஏறும். கோர்வேரின் காற்றுமானிபோல, சமநிலையை மீண்டும் ஓட்டுநரின் கையில் கொடுக்கும் துளைகள் இவை. ஸ்பேனரைப் பிடித்திருப்பவருக்கு இம்முறை அது தெரியும் என்பதே வித்தியாசம். கம்பெனியிலிருந்து வரும் சாதாரணக் காரின் கம்பியில் ஒரே ஒரு துளைதான்.