கடல்கட்டியும் டூரெட் சின்ட்ரோமும்

தூத்துக்குடியில முத்துச் சலாபம் நடந்த காலத்துல 'கடல்கட்டி'ன்னு ஒருத்தர் இருப்பாராம். மந்திரம் சொல்லி சுறாவோட வாயைக் கட்டுறது அவர் வேலை. அவர் இல்லாம குளிகாரங்க கடல்ல இறங்க மாட்டாங்க. 13ஆம் நூற்றாண்டுல இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோகூட, எடுத்த முத்துல இருபதுல ஒரு பங்கு இந்த மந்திரக்காரங்களுக்குப் போச்சுன்னு எழுதி வச்சிருக்கார். வெள்ளைக்காரன் காலத்துலயும் இந்த வழக்கம் இருந்துச்சு.

இதை இப்ப எதுக்குச் சொல்றேன்னா, எம் பேரனுக்கு ஒம்பது வயசு. ஆறு வயசுல கண்ணைப் படபடன்னு சிமிட்ட ஆரம்பிச்சான். அப்புறம் கழுத்தை வெட்டுறது, தோளைக் குலுக்குறது. போன வருஷம் தொண்டையில 'ஹூம் ஹூம்'னு ஒரு சத்தமும் சேர்ந்துக்கிச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் கண்ணு பட்டிருக்கு, கயிறு மந்திரிச்சுக் கட்டுங்கன்னாங்க. கொஞ்சம் படிச்சவங்க, "சேட்டைதான், ரெண்டு போட்டா நின்னுரும்"னாங்க. டாக்டர் சொன்ன பேரு டூரெட் சின்ட்ரோம். அன்னையிலேர்ந்து இந்த வியாதியோட சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன்.

1825ல பிரான்சுல ழான் இட்டார்ங்கிற டாக்டர் ஒரு பிரபு வீட்டுப் பொண்ணைப் பத்தி எழுதினார். ஏழு வயசுல கை வெட்டி இழுக்க ஆரம்பிச்சு, அப்புறம் நினைக்காமலே கத்துறது, கெட்ட வார்த்தை வர்றதுன்னு ஆயிருச்சு. 1885ல ழில் த லா டூரெட், அந்தம்மாவையும் சேர்த்து ஒம்பது பேரைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அவரோட குரு ஷார்கோதான் நோய்க்கு சிஷ்யன் பேரையே வச்சார். அந்தக் கெட்ட வார்த்தை சமாச்சாரம்தான் சினிமாக்காரங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உண்மையில நூத்துக்குப் பத்துப் பதினஞ்சு பேருக்குத்தான் அது வரும்.

அதுக்கப்புறம் நடந்ததைப் படிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருது. நரம்பு வியாதின்னு ஆரம்பிச்ச விஷயம் மனோதத்துவக்காரங்க கைக்குப் போச்சு. 1921ல ஃபெரென்சி, அடக்கி வச்ச ஆசைதான் இப்படி வெளியே வருதுன்னு எழுதினார். அப்புறம் பல வருஷம் பழி புள்ளை மேலயும் வளர்ப்பு மேலயும்தான். நம்ம ஊருல பேய்ன்னோம், அவங்க ஆழ்மனசுன்னாங்க. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல :-)

1961ல பிரான்சுல ஒரு நோயாளிக்கு ஹாலோபெரிடால் மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க, வெட்டி இழுக்குறது குறைஞ்சுச்சு. (நம்ம கடல்ல கடைசி முத்துச் சலாபம் நடந்ததும் அதே 1961தான்!) 1968ல அமெரிக்காவுல ஆர்தர் ஷபிரோ, எலைன் ஷபிரோ தம்பதி, இது மூளை சம்பந்தப்பட்டது, வளர்ப்புக் கோளாறு இல்லன்னு அடிச்சுச் சொன்னாங்க. 1972ல நியூயார்க் பக்கம் பெத்தவங்களே சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அத்தனை வருஷப் பழி இறங்கினது அதுக்கப்புறம்தான்.

மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது. 2010ல 126 பிள்ளைங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. உந்துதல் வரும்போது அதுக்கு எதிரா வேற ஒரு அசைவு செய்யப் பழக்கினதுல, பாதிப் பேருக்கு மேல நல்ல முன்னேற்றம். பெரும்பாலும் பத்து, பன்னெண்டு வயசுலதான் உச்சத்துக்குப் போகும், பெரியவனாகும்போது நெறையப் பேருக்குக் குறையும்னு டாக்டர் சொன்னார். அப்போ எங்களுக்கு இனிமேதான் கஷ்டமான ரெண்டு மூணு வருஷம்.

"எய்யா, அது வரும்போது எப்படியிருக்கும்?"னு ஒருநாள் கேட்டேன். "தும்மல் வர்ற மாதிரி தாத்தா, ஆனா கழுத்துல"ன்னான். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், நாள் பூரா அடக்க முடியுமா? அவன் பள்ளிக்கூடத்துல அடக்கி அடக்கி வச்சு, வீட்டு வாசல் மிதிச்சதும் மொத்தமா வரும். அந்த ஒரு மணி நேரம் மொட்டை மாடி அவனுக்கு. துறைமுகத்துக் கப்பல் விளக்கை எண்ணிக்கிட்டு நானும் உக்காந்திருப்பேன். கழுத்தைப் பத்திப் பேச்சே எடுக்கறதில்ல. ஏன்னா, 'அப்படிச் செய்யாதே'ன்னு சொல்லச் சொல்ல அதிகமாத்தான் ஆகும். இதை அவன் ஆச்சி விருந்தாளிகளுக்கு வாசல்லயே சொல்லித்தான் உள்ள விடுவா.

பள்ளிக்கூடம்தான் பெரிய தலைவலி. சத்தம் போடுறான்னு வகுப்புக்கு வெளியே நிறுத்திட்டாங்க, அதுவும் பரீட்சைக்கு முந்தின வாரம். 2018ல ராணி முகர்ஜி நடிச்ச 'ஹிச்கி' பார்த்திருக்கீங்களா? இதே வியாதி உள்ள ஒரு டீச்சர் கதை. அமெரிக்காவுல பிராட் கோஹன்ங்கிற நிஜ வாத்தியாரோட வாழ்க்கையிலேர்ந்து எடுத்தது. அதை ஹெட்மாஸ்டருக்குச் சொன்னேன், சிரிச்சார். அப்புறம் டாக்டர் சீட்டையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: இது வேணும்னு செய்யறதில்ல, கடைசி பெஞ்சுல கதவுப் பக்கம் இடம் குடுங்க, தேவைப்பட்டா ரெண்டு நிமிஷம் வெளியே போயிட்டு வரட்டும், பரீட்சைக்குத் தனி ரூம் குடுங்க.

கதவுப் பக்கம் இடம் கிடைச்சிருச்சு. தனி ரூமுக்கு இன்னும் நடந்துக்கிட்டு இருக்கேன்.