அடையாளமும் அற்புதமும்: சித்தூர் எல்லையில் ஒரு சொல்லாய்வு

சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இந்நிலப்பகுதியில், 1853 இல் நிறுவப்பெற்ற ஆர்க்காட்டு மிஷன் இரு மொழிகளிலும் பணியாற்றியது. எனவே இரு மொழி விவிலியங்களையும் ஒப்புநோக்க இது தக்க களமாகும்.

யோவான் நற்செய்தியின் கிரேக்க மூலம் இயேசுவின் அருஞ்செயல்களைச் ‘செமேயோன்’ எனக் குறிக்கிறது. அடையாளம் என்பது இதன் பொருள். வியப்பைச் சுட்டும் ‘தெராஸ்’ என்னும் சொல் அந்நூலில் ஓரிடத்தில் மட்டுமே (4:48), அதுவும் கடிந்துரையாக, வருகிறது.

கானா ஊர்த் திருமணத்தில் தண்ணீர் திராட்சரசமான நிகழ்ச்சியைத் (2:11) தெலுங்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘சூசக கிரிய’, அதாவது சுட்டும் செயல், என்கிறது. 1871 ஆம் ஆண்டின் ஒன்றிய மொழிபெயர்ப்பு வழிவந்த தமிழ் விவிலியமோ ‘அற்புதம்’ என்கிறது. அதே விவிலியம் 4:48 இல் செமேயோனை ‘அடையாளம்’ என்றும் தெராஸை ‘அற்புதம்’ என்றும் பெயர்க்கிறது. இதனால், இயேசு செய்ததும் மக்கள் நாடியதற்காக அவர் கடிந்துகொண்டதும் ஒன்றே எனத் தமிழ் வாசகர் கொள்ள நேர்கிறது.

அற்புதம் காண்போரைத் தன்னளவில் நிறுத்தும். அடையாளம் தன்னைக் கடந்து, செய்தவரை நோக்கிச் செலுத்தும். நம்பிக்கைக்கு அடிப்படை வியப்பா, சுட்டப்படும் பொருளா என்னும் வினா இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது. 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அரும் அடையாளம்’ என ஆண்டு, வியப்பை அடைமொழியாக்கி, சுட்டுதலைத் தலைச்சொல்லாக்கியது. தெலுங்கு முன்னரே காத்துவந்த வேறுபாட்டைத் தமிழ் இவ்வாறு மீட்டுக்கொண்டது எனலாம்.