லாக்கப்பில் எடுக்கும் சிறுநீர், எச்ஐவி கணக்கைச் சொல்லுமா?

பட்டர்வொர்த் பக்கம், மாக் மண்டினில் ஒருவர் போதைப்பொருள் சந்தேகத்தில் கைதாகிறார்னு வைத்துக்கொள்வோம். சிறுநீர் பரிசோதனையில் 'பாசிட்டிவ்'. இதிலிருந்து என்ன தெரியும்? கடந்த சில நாட்களில் போதைப்பொருள் உடலுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான். புகைத்தாரா, ஊசி போட்டாரா என்று சிறுநீர் சொல்லாது.

ஊசி ஏன் முக்கியம்?

ஒரே ஊசியைப் பலர் பகிரும்போது எச்ஐவி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவலாம். மலேசியாவில் 2002-இல் மட்டும் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. பெரும்பாலானோர் ஊசி வழி போதை எடுத்தவர்கள். அதற்குப் பிறகுதான் 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், 2006-இல் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்தன. ஊசித் திட்டம் முதலில் தொடங்கிய இடங்களில் பினாங்கும் ஒன்று.

அப்போ எப்படி அளப்பது?

அமெரிக்காவில் 1987-இல் ஒரு வழி தொடங்கியது. கைதானவர்களிடம் சம்மதம் கேட்டு, பெயர் குறிக்காமல் பேட்டி எடுத்தார்கள். கூடவே சிறுநீர் மாதிரியும் வாங்கினார்கள். முடிவு வழக்குக்குப் போகாது. பேட்டி ஊசியைப் பற்றிச் சொல்லும். அவர் சொன்னது உண்மையா என்று சிறுநீர் ஓரளவு சரிபார்க்கும். எச்ஐவிக்குத் தனிப் பரிசோதனை வேணும். அதிலும் தொற்று புதுசா இருந்தால், முதல் சில வாரங்களுக்கு முடிவு 'நெகட்டிவ்' என்றே வரலாம்.

கணக்கு எங்கே வழுக்கும்?

முதலில், பயம். 1952 அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவில், போதைப்பொருள் எடுத்ததற்கே 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை உண்டு. கேட்பவர் போலீஸ் என்று நினைத்தால், யார் உண்மையைச் சொல்வார்?

அடுத்து, கைதானவர்கள் மட்டுமே போதைப் பயனாளிகள் இல்லை. ஓர் இடத்தில் சோதனை அதிகமானால், பழக்கம் கூடாமலே எண்ணிக்கை கூடும். அதனால்தான் சுகாதார அமைச்சின் ஆய்வுகள் லாக்கப்புக்கு வெளியே, பயனாளிகள் வழியாகவே மற்ற பயனாளிகளைத் தேடிப் போயின. ஊசி போடுபவர்களில் எச்ஐவி இருந்தோர் 2009-இல் சுமார் 22 விழுக்காடு. 2017-இல் சுமார் 13.

செய்தியில் "கைதானவர்களில் இத்தனை விழுக்காடு" என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யாரை எண்ணினார்கள்? ஊசியைப் பற்றிக் கேட்டார்களா? பதில் சொன்னவருக்குப் பாதுகாப்பு இருந்ததா? மெத்தடோனும் ஊசியும் எந்த ஊருக்கு எவ்வளவு போகணும் என்பது இந்த எண்களை நம்பித்தான் முடிவாகிறது.