பாடசாலை முடிந்த பிறகு என்ன?



விசேட தேவையுள்ள பிள்ளை இருக்கின்ற வீடுகளில் பெற்றோரை உறங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு: "பள்ளிக்கூடம் முடிய இந்தப் பிள்ளை என்ன செய்யும்?" இங்கிலாந்துச் சட்டம் இக்கேள்விக்கு ஒழுங்கான விடை சொல்ல எழுபது வருடங்கள் எடுத்தது. இம்மாத ஒலிபரப்பில் நான் பேசியதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

இந்த நாட்டில் எல்லா வசதியும் முன்பே இருந்தது என்று நம்மவர் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பாடசாலைக் கல்விக்குப் பொருத்தமற்றவர்கள் என்று ஒதுக்கியது. அவர்களுக்குக் கிடைத்தது பயிற்சி நிலையம், அல்லது வைத்தியசாலை விடுதி, அல்லது வீட்டு மூலை.

இதை முதலில் எதிர்த்துக் கேட்டவர்கள் பெற்றோர்களே. 1946 இல் ஜூடி ஃபிரைட் என்ற தாய், தன்னைப் போன்ற பெற்றோரைத் தொடர்புகொள்ளும்படி ஒரு சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார். அப்படித் தொடங்கிய பெற்றோர் சங்கமே இன்றைய மென்கப். ஆனாலும், எந்தப் பிள்ளையையும் கல்விக்கு வெளியே நிறுத்தக்கூடாது என்ற சட்டம் 1971 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது.

பாடசாலைக் கதவு திறந்தது. வெளியேறும் வழி திறக்கவில்லை. 1978 இல் மேரி வார்னொக் அம்மையார் தலைமையிலான குழு தன் அறிக்கையில் மூன்று விடயங்களுக்கு முதலிடம் கேட்டது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், ஆசிரியர் பயிற்சி, 16 வயதைத் தாண்டிய இளையோர். அதைத் தொடர்ந்து வந்த 1981 ஆம் ஆண்டுச் சட்டம் 'ஸ்டேட்மென்ட்' என்ற பத்திரத்தைத் தந்தது. பாடசாலையை விட்டதும் அந்தப் பத்திரத்தின் பலமும் முடிந்துவிடும். 1986 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி முன்னேறியது. பிள்ளைக்கு 14 வயதானபின் கல்விப் பகுதி சமூக சேவைப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும், பாடசாலையை விடுமுன் தேவைகள் மதிப்பிடப்பட வேண்டும் என்றது.

பெரிய மாற்றம் 2014 செப்ரெம்பரில் வந்தது. 'ஸ்டேட்மென்ட்' இருந்த இடத்துக்கு ஈ.எச்.சி. பிளான் வந்தது. இது 25 வயதுவரை நீடிக்கலாம். 'நீடிக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள்: படிப்போ பயிற்சியோ தொடர்ந்தால்தான் அது செல்லும். பிள்ளை வீட்டோடு நின்றுவிட்டால் கவுன்சில் அதை நிறுத்திவிடலாம். ஆண்டு 9 மீளாய்வுக் கூட்டத்திலிருந்தே வேலை, தனித்து வாழ்தல், உடல்நலம், சமூக உறவு ஆகியவை பற்றிப் பேசத் தொடங்க வேண்டும். அதே ஆண்டின் பராமரிப்புச் சட்டம், 18 வயதுக்கு முன்பே வளர்ந்தோர் சேவைக்கான மதிப்பீட்டைக் கேட்கப் பெற்றோருக்கு இடம் தந்தது.

கணக்காளன் என்ற முறையில் இரண்டு பிறந்தநாட்களை உங்கள் நாட்காட்டியில் குறிக்கச் சொல்வேன். 16 வயதில் டி.எல்.ஏ. கொடுப்பனவு முடிந்து 'பிப்' கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரும் கடிதத்துக்குப் பதில் போடாவிட்டால் பணம் நின்றுவிடலாம். 18 வயதில், 2005 ஆம் ஆண்டு மனத்தகைமைச் சட்டத்தின்படி, 'நான் தாய்' என்ற காரணத்தால் மட்டும் பிள்ளைக்காக முடிவெடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். தானே முடிவெடுக்க முடியாத விடயத்தில் பிள்ளையின் நலனே முடிவை நிர்ணயிக்கும்.

போரிலிருந்து தப்பி வந்த நாங்கள் அலுவலகக் கதவைத் தட்டக் கூச்சப்படுகிறோம். "வீட்டோடு இருக்கட்டும், நாங்கள் பார்ப்போம்" என்கிறோம். அது பாசம்தான். ஆனால் எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது? மேலே சொன்ன உரிமைகளுக்குப் பின்னால் விடாமல் கேட்ட பெற்றோர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போங்கள். ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைக்கு 14 வயதாகும்போதே தொடங்குங்கள்.