பூனைக்காலியும் கஞ்சாவும்: நடுக்க நோய்க்கு மருந்து தேடிய வரலாறு



பேராக் மாநிலத் தோட்டங்களில் களை மண்டாமலிருக்க மூடுபயிராகப் படரவிடும் மூக்குனாக் கொடியை நம்மில் பலர் அறிவோம். பூனைக்காலி அதற்கு உறவுக்கொடி. அதன் காய் மேலே பட்டால் அரிக்கும். விதையோ நாட்டு வைத்தியத்தில் பழைய சரக்கு.

1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் அவ்விதையிலிருந்து டோப்பா என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது எந்த நோயைத் தணிக்கும் என்பதை அன்று உலகம் அறியவில்லை.

நோய் மட்டும் முன்பே அறியப்பட்டிருந்தது. கை நடுங்கி, நடை தளரும் அந்நோயை 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்திருந்தார். 1960இல் வியன்னாவில் எரிங்கரும் ஹார்னிகீவிச்சும், அந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதைக் கண்டனர். டோப்பா மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறக்கூடியது. 1967இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் அதைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தபோது நோயாளிகள் பலர் நல்ல முன்னேற்றம் கண்டனர். சென்னையில் பிரித்தெடுத்த பொருளின் பயன் தெளிவாக 30 ஆண்டுகள் பிடித்தன.

ஆனால், அம்மருந்தைப் பல்லாண்டு உண்டவர்களில் பலருக்குக் கைகால்கள் தாமாகவே ஆடத் தொடங்கின. எனவே அறிஞர்கள் வேறு வழியும் தேடினர். கஞ்சாவின் சத்து மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று ஆராய்ந்தனர். சாவிக்கேற்ற பூட்டுப்போல அதற்கென ஏற்பிகள் இருப்பது தெரிந்தது. 1990இல் அவற்றுள் ஒன்றின் அமைப்பு வெளியாயிற்று. உடல் அசைவை ஆளும் மூளைப் பகுதிகளில் அவை நெருங்கி இருக்கின்றன. 1992இல் ஜெரூசலத்தில் மெக்கூலம் குழுவினர், அந்த ஏற்பிகளில் பொருந்தும் ஒரு பொருளை மூளையிலேயே கண்டு, ஆனந்தம் என்ற வடமொழிச் சொல்லைக் கொண்டே ஆனந்தமைடு எனப் பெயரிட்டனர்.

பூட்டு கிடைத்தது, பொருத்தமான மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. பிரிட்டனில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஒரு சிறு சோதனையில், கஞ்சாச் சாறு அந்தத் தானியங்கி ஆட்டத்தைக் குறைக்கவில்லை. ஆய்வு தொடர்கிறது.

ஆகவே, செடியில் மருந்துப்பொருள் இருப்பது வேறு. செடியே மருந்தாவது வேறு. அளவு தெரியாமல் பூனைக்காலி விதையைத் தின்பதும் ஆபத்தே. கஞ்சாவை வைத்திருப்பதோ நம் நாட்டில் கடும் குற்றம். வீட்டுப் பெரியவர்களுக்குக் கை நடுங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். தந்த மாத்திரையை யார் பேச்சைக் கேட்டும் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வோம்.