மெய்நிகர் கணினியில் ஒலி

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி. அதற்கென்று ஒலிபெருக்கியோ ஒலிவாங்கியோ கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர், கியூ.எம்.யு போன்ற மெய்நிகராக்க மென்பொருள்கள் ஒலி அட்டை ஒன்று இருப்பதுபோல் அதற்குக் காட்டி, வரும் ஒலியைத் தாய்க் கணினியின் உண்மையான அட்டைக்குக் கடத்துகின்றன. ஒலிவாங்கியின் ஒலி இதே வழியில் எதிர்த்திசையில் செல்கிறது.

எந்த அட்டையைக் காட்டுவது என்பதை உள்ளே ஓடும் இயங்குதளத்தின் வயதே தீர்மானிக்கிறது. டாஸ், விண்டோஸ் 95 காலத்துக்கு 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஏசி 97. விஸ்டாவுக்குப் பிந்திய விண்டோஸுக்கும் இன்றைய லினக்ஸுக்கும் இன்டெல் எச்.டி. ஆடியோ. ஒலி வரவில்லை என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இந்தத் தெரிவை மாற்றியதும் தீர்ந்துவிடும். லினக்ஸை லினக்ஸுக்குள் ஓட்டுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு: மெய்நிகர் கணினிக்கென்றே வடிவமைத்த விர்டியோ ஒலிச் சாதனம். அதற்கான ட்ரைவர் லினக்ஸ் 5.13இலும் (2021), சாதனம் கியூ.எம்.யு 8.2இலும் (2023) சேர்ந்தன.

வெளியீடு பெரும்பாலும் தானாகவே வேலை செய்யும். தொல்லை தருவது உள்ளீடுதான். விர்ச்சுவல்பாக்ஸில் ஒலி உள்ளீடு இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுக்கேட்பதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடே. அமைப்புப் பகுதியில், அல்லது கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதனங்கள் பட்டியலில், அதை இயக்க வேண்டும். அத்தோடு முடிவதில்லை. தாய்க் கணினி விண்டோஸ் 10 அல்லது 11 என்றால், தனியுரிமை அமைப்பில் டெஸ்க்டாப் செயலிகள் ஒலிவாங்கியைப் பயன்படுத்த அனுமதித்திருக்க வேண்டும். மேக் கணினிகளிலும் 2018இன் மொஹாவே பதிப்பிலிருந்து இப்படியொரு அனுமதி கேட்கப்படுகிறது. உள்ளே ஓடுவதும் விண்டோஸ் என்றால் அங்கேயும் அதே அமைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று மூடியிருந்தாலும் பதிவில் மௌனம் மட்டுமே இருக்கும். பிழைச் செய்தி பெரும்பாலும் வராது.

மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி வேறு வகை. அது ஒலி அட்டை எதையும் காட்டுவதில்லை. மேம்பட்ட அமர்வு முறையில், தொலைமேசை இணைப்பின் வழியாகவே ஒலி வருகிறது. ஒலிவாங்கி வேண்டுமென்றால் இணைப்பு அமைப்பில், இந்தக் கணினியிலிருந்து பதிவுசெய் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும்.

கரகரப்பும் விக்கலும் பொதுவான குறை. ஒலித் தரவு இடைவிடாமல் ஓட வேண்டியது, சி.டி. தரத்தில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். மெய்நிகர் கணினிக்கோ சி.பி.யு.வில் முறைவைத்தே நேரம் கிடைக்கிறது. முறை வரத் தாமதமானால் இடைச்சேமிப்பு காலியாகிக் காதில் வெடிப்பு கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் அடியில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். அந்த நிலையில் கரகரப்பு அதிகம். ஹைப்பர்-வியை அணைப்பதும், தாய்க் கணினியில் ஓடும் மற்ற செயலிகளைக் குறைப்பதும் பலன் தரும்.

யு.எஸ்.பி. ஒலிச் சாதனத்தை நேரடியாக மெய்நிகர் கணினியிடம் ஒப்படைப்பது மற்றொரு முறை. ஒப்படைத்ததும் தாய்க் கணினியின் பார்வையிலிருந்து அது மறைந்துவிடும். யு.எஸ்.பி. 2, 3 ஆதரவு விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் அடிப்படைப் பொதியிலேயே இருக்கிறது. முன்னர் விரிவாக்கப் பொதி தேவைப்பட்டது. லினக்ஸ் தாய்க் கணினியில் பயனரை விர்ச்சுவல்பாக்ஸின் பயனர் குழுவில் சேர்க்காவிட்டால் சாதனம் பட்டியலில் தெரியாது. எக்ஸ்பிக்கு மட்டும் ட்ரைவர் உள்ள பழைய பதிவுச் சாதனம் கையில் இருந்தால் இந்த முறைதான் கதி.

யாழ்ப்பாணத் தீவகத்தில் மெய்நிகர் கணினியில் ஒலிப்பதியும் கேள்வி பழைய கசெட்டுகளோடு சேர்ந்து வருகிறது. வேலணைத் தீவின் மெலிஞ்சிமுனைக் கூத்துப் பாட்டு, நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவின் நாதஸ்வரம், நெடுந்தீவில் பெரியவர்கள் சொன்ன கதை என வீடுகளில் கிடப்பவற்றை எண்ணிமப்படுத்த விரும்புவோர் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சு நூல்களோடு நிற்காமல், ஆவணகம் என்ற தளத்தில் ஒலிப்பதிவுகளையும் பேணுகிறது. இத்தகைய வேலைக்கு மெய்நிகர் கணினியின் உள்ளீடு ஏற்றதல்ல. ஒலி ஆவணங்களுக்கான பன்னாட்டு வழிகாட்டி குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கேட்கிறது. மெய்நிகர் கணினிக்குக் காட்டப்படும் ஒலி அட்டைகள் பெரும்பாலும் 16 பிட்டோடு நின்றுவிடுகின்றன. இடையில் விழும் ஒரு விக்கலைப் பின்னர் திருத்தவும் முடியாது. தேய்ந்த நாடா இரண்டாம் முறை ஓடும் என்ற உத்தரவாதமும் இல்லை. மடிக்கணினியின் ஒலிவாங்கித் துளையும் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தையே பதியும். ஸ்டீரியோ நாடா பாதியாகிவிடும்.

ஆகவே நாடாவை யு.எஸ்.பி. ஒலிச் சாதனத்தின் வழியே தாய்க் கணினியில் நேரடியாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கோப்பைப் பகிர்வுக் கோப்புறை மூலம் மெய்நிகர் கணினிக்குக் கொடுத்து, வெட்டுவதையும் இரைச்சல் நீக்குவதையும் அங்கே செய்யலாம். திருத்தாத மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.